தென்காசியில் காசைப் பற்றிக் கேட்காமல்

காசைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கக் கூடாது. என்னை இந்தியாவுக்கு அனுப்பும்போது கொழும்பு அலுவலகத்தில் சொன்ன ஒரே கண்டிப்பு அதுதான்.

எங்களுக்கு வேலை தரும் வெளிநாட்டு உதவி நிறுவனம், ஓர் ஊர் முன்னேறிவிட்டதா என்பதை வருமானத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்ற முடிவுக்கு வந்திருந்தது. மக்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்களா, தங்கள் வாழ்க்கையில் தங்கள் பேச்சு எடுபடுகிறதா, கஷ்டம் வந்தால் துணைக்கு யாராவது உண்டா என்றெல்லாம் இனிமேல் கேட்கப் போகிறார்கள். அந்தக் கேள்விகளைத் தமிழில் எழுதியவன் நான். மட்டக்களப்புக்காரன் எழுதிய தமிழ் தமிழ்நாட்டில் விளங்குமா என்று பார்த்துவர என்னையே அனுப்பினார்கள்.

விமானத்தில் வேறு வேலை இல்லாமல் அந்தக் கேள்விகளை என்னிடமே கேட்டுப் பார்த்தேன். துணைக்கு யார் என்ற கேள்விக்கு என் மனைவி சாந்தினியின் பெயர் உடனே வந்தது. அவளிடம் கேட்டால் என் பெயரைச் சொல்வாளா என்று தோன்றியதும் இருக்கையில் இருப்புக் கொள்ளவில்லை.

தென்காசியில் வெயிலும் தூறலும் சேர்ந்தே இருந்தன. மேற்கே மலையின் பாதியை மேகம் மறைத்திருந்தது. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வாவித் தண்ணீர்தான். கண்ணுக்கு உயரமாகத் தென்னை மரத்தைத் தவிர எதுவும் கிடையாது. இங்கே மலை ஆள் மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. லாட்ஜில் மேலாளர் என் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.

"சிலோனா? பிளைட்லதான வந்திய?"

"ஓம், பிளைட்டிலதான்."

"ஓமா?" என்று அவர் சிரித்தார். எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்குச் சொல்லும் 'ஓம்' இங்கே கோயிலில் மட்டும் சொல்வது என்று அப்போதுதான் நினைவு வந்தது.

அறையில் உட்கார முடியவில்லை. பெரிய கோயிலுக்கு நடந்தேன். கோபுர வாசலில் காற்று முதலில் நெஞ்சில் அடித்து வெளியே தள்ளியது. நாலடி போனதும் அதே காற்று முதுகில் கை வைத்து உள்ளே தள்ளியது. திரும்பி வந்து மறுபடியும் நுழைந்து பார்த்தேன். பூக்காரப் பெண் என்னைப் பார்த்துவிட்டு, "வாறவிய எல்லாரும் இதத்தான் செய்யுதாவ" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னாள்.

சாப்பாட்டுக் கடையில் அன்றைக்கு 'சொதி ஸ்பெஷல்' என்று பலகையில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் இடியாப்பத்துக்குத் தினமும் ஊற்றும் சொதியைப் பலகையில் எழுதி விற்கிறார்களே என்று வியந்தேன். இங்கே அது கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தாம். காய்கறி நிறையப் போட்டு, இஞ்சித் துவையலோடு வந்தது. பெயர் ஒன்றுதான், பண்டம் வேறு. என் கேள்விகளுக்கும் இந்தக் கதிதான் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

மறுநாள் காலை மும்தாஜ் வந்தாள். கடையநல்லூர்க்காரி. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்துவிட்டு இப்போது இப்படிக் கேள்வி கேட்கும் வேலைகளுக்குப் போகிறவள். ஒன்பதாவது படிக்கும் மகள் இருக்கிறாள். புருஷன் சாகுல் அரபு நாட்டில், தம்மாமில், ஏசி மெக்கானிக். நான் அவளிடம் "முதலில் கதைச்சுப் பார்ப்பம்" என்றதும், "கதை சொல்லணுமா சார்?" என்று கேட்டுவிட்டு, பேசிப் பார்ப்போம் என்றுதான் சொன்னேன் என்று புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பாத்திரக் கடையில் தொடங்கினோம். 'உங்களுக்கு ஓர் இடர் நேர்ந்தால் நீங்கள் நம்பியிருக்கக்கூடிய ஒருவர் உண்டா?' என்று நான் எழுதியதை அப்படியே வாசித்தேன்.

கடைக்காரர் யோசித்தார். "இடர்னா வெள்ளம், புயல்தான? அதுக்குக் கலெக்டர் ஆபீஸ்ல ஆளு போட்டிருக்காவள்லா. அங்கன போய்க் கேளுங்க."

மும்தாஜ் குறுக்கே வந்தாள். "அது இல்ல அண்ணாச்சி. உங்களுக்கு ஒரு கஷ்டம்னா ஓடியார ஆளு இருக்கான்னு கேக்காவ."

"அப்படிச் சொல்லு. எம் மச்சினன் இருக்கான். கூப்புட்டா கைலியோட வந்து நிப்பான்."

அன்று பகல் முழுக்க என் தமிழை அவள் ஒவ்வொரு வாக்கியமாகப் பிரித்துக் கட்டினாள். எனக்கு வருத்தமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. நடுநடுவே அவளுடைய போன் துடித்தது. எடுத்துப் பார்ப்பாள், திருப்பிப் பைக்குள் போட்டுவிடுவாள்.

அடுத்த நாள் புளியங்குடி. எலுமிச்சைச் சந்தைக்குள் நுழைந்ததும் மூக்கிலிருந்து நெற்றிவரைக்கும் மணம் ஏறியது. மூட்டைகள், லாரிகள், தரகர்களின் சத்தம். ஒரு கமிஷன் கடை அண்ணாச்சி நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவரிடம் ஏணிக் கேள்வியைக் கேட்டேன். ஓர் ஏணியின் மேல் படி நீங்கள் நினைக்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, கீழ்ப் படி மிக மோசமான வாழ்க்கை. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

"எந்த ஏணி? சாத்தி வச்சதா, படுக்கப் போட்டதா?"

"சாத்தி வைத்தது."

"நேத்து மேல நின்னேன். இன்னைக்கு வெலை எறங்கிட்டு. நாளைக்கு எங்கன நிப்பேன்னு லோடு போய்ச் சேந்தாத்தான் தெரியும்."

"விலையை விட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்றேன்.

"அத விட்டா பொறவு என்னத்தத்தான் கேக்கிய?"

"இரவில் தூக்கம் வருகிறதா என்று கேட்போம்."

அவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். கைத்தராசில் கிடந்த பழத்தை எடுத்து உருட்டினார். "வீட்ல அவளுக்கு ஆபரேசன் ஆனதுலேர்ந்து அவ மூச்சு விடுத சத்தத்தக் கேட்டுக்கிட்டே கெடக்கேன். தூக்கம் எங்க வருது." பிறகு சத்தமாக, "டீ சொல்லுலே, சிலோன்காரவிய வந்திருக்காவ" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

கடைக்குப் பின்னால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் மும்தாஜே கேட்டாள். "போன வருசத்துல உங்க வாழ்க்கையப் பத்தி ஏதாவது பெரிய முடிவு நீங்களா எடுத்தியளா?"

முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மூக்குத்தி போட்ட ஒருத்தி மட்டும் சிரிக்காமல் கேட்டாள். "நீ எடுத்தியா தாயி?"

மும்தாஜ் பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். அன்றைக்கு வேலை அதோடு முடிந்தது.

திரும்பும்போது சொக்கம்பட்டி தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி அடியில் பார்த்தார், நடத்துநர் இறங்கி ஓட்டுநரைப் பார்த்தார். அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார்கள். அது வரவில்லை. ரோட்டோரம் எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு நின்றோம். என்னால் நிற்க முடியவில்லை. புளிய மரத்துக்கும் பஸ்ஸுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"சார், ஒரு எடத்துல நில்லுங்க. எனக்குக் கண்ணக் கட்டுது" என்றாள் மும்தாஜ். அப்புறம் தானாகவே சொல்லத் தொடங்கினாள்.

சாகுலின் கம்பெனியில் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்கிறானா, ஊருக்குப் போகிறானா என்று இந்த வாரம் முடிவதற்குள் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இத்தனை தடவை நீட்டிக்கும்போதும் அவன் யாரிடமும் கேட்டதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தகவல் சொல்வான். இந்தத் தடவை மும்தாஜிடம் கேட்டிருக்கிறான்.

"'நீ சொல்லு, நான் என்ன செய்யட்டும்'ங்காவ. நாலு நாளா போன எடுக்காமத் திரியுதேன். மாமி, அதான் அவிய உம்மா, மாடி கட்டுத வேலை முடியட்டும்ங்காவ. எம் மக, வாப்பா வந்தா ஸ்கூல் டூருக்கு விடமாட்டாவளோன்னு பயப்படுதா. எனக்கு வரச் சொல்லணும்னுதான் இருக்கு சார். ஆனா வந்த பொறவு என்ன ஆவும்னு தெரியல."

எங்கள் ஊரில் இது தலைகீழ். மட்டக்களப்பிலிருந்து வெளிநாட்டுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். என் சாந்தினி குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தவள். அவள் போகும்போது எங்கள் மகன் தவழ்ந்துகொண்டிருந்தான். வரும்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். இதை நான் சொன்னதும் மும்தாஜ் என்னைப் புதிதாகப் பார்த்தாள்.

"அப்ப நீங்கதான் வீட்ல இருந்தியளா?"

"ஓம். சமைச்சு, பிள்ளையைக் குளிப்பாட்டி, எல்லாம் நான்தான்."

"அவங்க வந்தது நல்லதா சார்?"

பஸ் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. "நல்லம்தான். ஆனா லேசில்ல. வந்த புதுசில, விடியமுன்ன எழும்பிக் குசினிக்குள்ள, அடுப்படியில போய் நிப்பா. அங்க மாதிரி ஆரும் வேலை சொல்லாம, அவவுக்கு என்ன செய்யிறதெண்டு விளங்கல்ல. மகன் என்னட்டத்தான் எல்லாம் கேப்பான், அவட்டக் கேக்கமாட்டான். ஒருநாள் அவ அழுதா. 'நான் எங்க வந்து நிக்கிறன்?' எண்டு கேட்டா."

"நீங்க என்ன சொன்னிய?"

"அடுத்த நாள் அவவையே பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னன். அப்பிடியே கொஞ்சம் கொஞ்சமா."

பின்னால் வந்த லோடு வேனைக் கைகாட்டி நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டார்கள். கடையநல்லூரில் இறங்கும்போது மும்தாஜ் திரும்பி, "நாளைக்கு வெள்ளிக்கெழம. எங்க வீட்ல சாப்பிடுங்க சார். மாமிகிட்டயும் உங்க கேள்வியக் கேளுங்க" என்றாள்.

அன்று மாலை தென்காசிக் கடைவீதியில் நடந்துகொண்டே சாந்தினிக்கு போன் போட்டேன். எடுத்ததும் கேட்டுவிட்டேன். "உனக்கொரு கஷ்டமெண்டா முதல்ல ஆரைக் கூப்பிடுவாய்?"

"இதென்ன கேள்வி? அடுப்பில கச்சான் கடலை வறுக்கிறன், கருகப்போகுது. வந்தாப்பிறகு கதைப்பம்."

போன் வைக்கப்பட்டது. கடைவீதியில் இன்னும் இரண்டு சுற்று சுற்றினேன்.

வெள்ளிக்கிழமை போனபோது, மும்தாஜின் வீடு கீழே வழவழவென்று டைல்ஸ் போட்டும் மேலே பூசாத செங்கல்லாகவும் இருந்தது. மாமி வாசலுக்கே வந்து, "வாங்க தம்பி" என்றார். மெலிந்த, நிமிர்ந்த பெண்மணி. சோற்றுக்கு மேல் கரண்டியை நீட்டி, "ஆணம் ஊத்தட்டா?" என்று கேட்டபோது நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் பக்கத்து ஊரான காத்தான்குடியில் என் கூட்டாளிமார் வீடுகளிலும் குழம்புக்கு இதே சொல்தான். கடல் தாண்டி வந்த பிறகு காதில் விழுந்த முதல் வீட்டுச் சொல் அது.

சாப்பிட்டு முடித்ததும் மாமி தானாகவே கேட்டார். "என்னமோ கேள்வி கேக்கியளாமே. எங்கிட்டயும் கேளுங்க."

ஏணியில் எட்டாம் படி என்றார். தூக்கம் வருகிறது என்றார். முட்டுவலி மட்டும் எழுப்பிவிடும். பிறகு அந்தக் கேள்வி. மும்தாஜ் கட்டித் தந்த தமிழிலேயே கேட்டேன். "உங்களுக்கு ஒரு கஷ்டம்னா ஓடிவர ஆள் இருக்கா?"

சாகுல் என்று சொல்வார் என எதிர்பார்த்துப் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன்.

"இவதான்" என்று மாமி மருமகளைக் கைகாட்டினார். "எனக்கு இவ மட்டுந்தான். ராத்திரி நெஞ்சடைச்சப்ப இவதான் ஆட்டோ புடிச்சா. எம் மவன் அங்கேர்ந்து போன்ல அழுதான். அவன் என்ன செய்வான், பாவம்."

மும்தாஜ் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"மாமி, அப்ப அவியள வரச் சொல்லதுக்கு ஏன் வேண்டாங்கிய?"

"மாடி..." என்று தொடங்கி மாமி நிறுத்தினார். சேலை நுனியை விரலில் சுற்றினார். "மாடி கெடக்குது. நீயும் நானும் இத்தன வருசமா ஒரு அடுப்புல இருந்துட்டோம். அவன் வந்தா நீ அவனுக்கு ஆயிருவ. அவன் லீவுல வருதப்ப எல்லாம் எனக்கு அவன்கிட்ட என்ன பேசன்னு தெரியல. சின்னப் புள்ளைல என்ன சாப்பிடுவான்னு தெரியும். இப்ப என்ன சாப்பிடுவான்னு உங்கிட்டதான கேக்கேன். பெத்த புள்ளைய நெனச்சுப் பயமா இருக்குன்னு யாருகிட்டச் சொல்ல?"

மும்தாஜ் தட்டுகளை வைத்துவிட்டு வந்து மாமியின் காலடியில் உட்கார்ந்தாள். எனக்கு எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. எழுந்தால் மரியாதையாக இருக்காது என்றும் இருந்தது.

"ஏட்டி, முட்டு வலிக்கு. ஐந்தருவிக்குப் போவமா? சாரல் நல்லா இருக்கும்" என்றார் மாமி.

ஆட்டோவில் போனோம். குற்றாலம் நெருங்க நெருங்கக் காற்றில் நீர் கலந்து வந்தது. ஐந்தருவியில் தண்ணீர் அதிகமாகி, குளிக்க விடாமல் போலீஸ்காரர்கள் கயிறு கட்டியிருந்தார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்ட ஆண்கள் அது தலையிலிருந்து வழியக் காத்து நின்றார்கள். ஒரு குடும்பம் ஈரத்திலேயே பஜ்ஜி தின்றது. "தண்ணிய அளவா விடச் சொல்லுங்க சார்" என்று ஒருவர் போலீஸ்காரரிடம் கேட்க, அவர், "மலைகிட்டப் போய்ச் சொல்லும்" என்றார்.

ஒரு பழக்கடைத் தகரத்துக்கடியில் ஒதுங்கினோம். மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்திருந்தார்கள். எங்கள் நாட்டிலும் இந்த மாதங்களில் ரோட்டோரம் எல்லாம் ரம்புட்டான்தான்.

மும்தாஜ் போனை எடுத்தாள். இந்தத் தடவை அவளே அழைத்தாள்.

"நான்தான்... ஐந்தருவில நிக்கோம்... இல்ல, மாமியும்தான்." அருவிச் சத்தத்தில் மறுபக்கம் ஒன்றும் கேட்கவில்லை போலிருந்தது. "வந்துருங்கன்னு சொல்லுதேன்... கேக்கலயா? வந்துருங்க... ஊருக்கு... வந்துருங்கங்கேன்."

கடைசி வார்த்தைகளைக் கத்தித்தான் சொன்னாள். பழக்கடைக்காரப் பெண் தராசைப் பிடித்தபடி எங்களையே பார்த்தாள். பிறகு இணைப்பு அறுந்துவிட்டது. மாமி அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் விசில் சத்தம் கேட்டது. தண்ணீர் குறைந்திருந்தது, கயிற்றை அவிழ்த்தார்கள். கூட்டம் ஓடியது.

"வாட்டி, மறுபடியும் கட்டிருவான்" என்று மாமி மருமகளை இழுத்தார். மும்தாஜ் பையையும் போனையும் என் கையில் திணித்துவிட்டு, முட்டுவலிக்காரியைத் தாங்கிக்கொண்டு பெண்கள் பக்கம் போனாள்.

போன் அடித்தது. விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நின்று மறுபடியும் அடித்தது. எடுத்தேன்.

"யாரு?" என்று ஆண் குரல்.

நான் யார் என்று சொன்னேன். கேள்விகள் எழுதியவன், சிலோன்காரன், அவர்கள் குளிக்கப் போயிருக்கிறார்கள்.

"சொன்னா. உங்களப் பத்திச் சொன்னா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? என்னைய நெசமாவே வரச் சொல்லுதாளா, இல்ல சடவுல, கோவத்துல சொல்லுதாளா?"

"நிசமாத்தான்."

"அங்க வந்து நான் என்னண்ணே செய்ய? இங்க எனக்கு ஒரு பேரு இருக்கு. எந்த மிசினு எங்க கெடக்குன்னு தெரியும். அங்க எங்க வீட்ல டார்ச்சு எங்க இருக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாது. எம் மக என்னைய போன்லதான் வாப்பாங்கா. நேர்ல வந்தா சொவரப் பாத்துப் பேசுதா. பயமா இருக்குண்ணே."

இதே வார்த்தைகளை சாந்தினி என்னிடம் சொன்னதில்லை. ஆனால் குசினிக்குள் அந்த இருட்டில் அவள் நின்றது இதுதான் என்று அப்போது விளங்கியது.

"தம்பி, என்ட மனிசியும் அப்பிடித்தான் வந்தா. இப்ப அவவுக்கு வீட்டில எல்லாம் தெரியும். எனக்குத்தான் ஒண்டும் தெரியல்ல" என்றேன்.

அவன் சிரித்தான். மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. யோசித்துவிட்டு அழைப்பதாகச் சொல்லி வைத்தான்.

இருவரும் சொட்டச் சொட்ட வந்தார்கள். மாமியின் பற்கள் தந்தியடித்தன. சாகுல் பேசியதைச் சொன்னேன். வேலை, மகள், டார்ச்சு, எல்லாவற்றையும் சொன்னேன். "வரப் பயமாக இருக்கிறது என்கிறார்."

மாமி தலையைத் துவட்டுவதை நிறுத்தினார்.

"அவனுக்குமா?" என்று கேட்டார்.

என்னிடமிருந்து போனை வாங்கி, ஈரக் கையோடு, எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று மருமகளிடம் கேட்டு, தானே அழைத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாலத்துப் பக்கம் நடந்து போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. நெடுநேரம் பேசினார். மும்தாஜ் ரம்புட்டான் வாங்கி உரித்து உரித்து எனக்குத் தந்துகொண்டே இருந்தாள், தான் ஒன்றும் தின்னாமல்.

மறுநாள் நான் ஊர் திரும்பினேன். அறிக்கையில் ஏணிக் கேள்வியை மாற்ற வேண்டும் என்றும், துணைக் கேள்வியை மும்தாஜ் சொன்னபடியே வைக்க வேண்டும் என்றும் எழுதினேன். அந்தக் கேள்விக்குப் பிறகு, பதில் சொன்னவரை உடனே விட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது என்றும் ஒரு வரி சேர்த்தேன். அதை மேலிடத்தில் எடுத்துவிட்டார்கள்.

சாகுல் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. மழைக்காலம் தொடங்கியபோது ஊர் வந்து சேர்ந்தான். மும்தாஜ் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். பின்னால் பாத்திரச் சத்தமும் டிவிச் சத்தமும் கேட்டன.

"சார், அவிய வந்து ஒரு வாரம் ஆச்சு. மாமியும் அவியளும் எதிரெதிரே உக்காந்து டிவியப் பாக்காவ, பேசமாட்டாவ. மாமி தெனமும் விருந்தாளிக்கு வைக்க மாதிரி அவியளுக்குப் புதுத் தட்டு எடுத்து வச்சு, பக்கத்துல நின்னு பரிமாறுனாவ. நேத்து சாப்பிட்டு எந்திரிச்சதும் மாமி உள்ள இருந்தே, 'ஏலே, தட்டக் கழுவி வச்சிட்டுப் போ'ன்னாவ. இவிய தட்டக் கையில வச்சுக்கிட்டு என்னையப் பாக்காவ. நான் குழாயக் காட்டினேன்."